கமடோரில் மண்ணாங்கட்டி ஏறமாட்டான்

திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவில் பம்புசெட் கடை வைத்திருந்த சக்கரபாணிக்கு மஸ்கட்டில் ஒரு தம்பி இருந்தான். எண்பத்தைந்தாம் வருஷம் விடுப்பில் வந்தபோது அவன் அண்ணனுக்கு ஒரு கலர் டிவியும், அண்ணி கஸ்தூரிக்கு ஒரு டேப் ரெக்கார்டரும், இருவருக்கும் பொதுவாக ஸ்பெக்ட்ரம் என்ற கம்ப்யூட்டரும் கொண்டுவந்தான். கறுப்பாக, ஒரு பள்ளிக்கூடத்து சிலேட்டைவிடச் சின்னதாக இருந்தது அது. மேலே அழுத்தினால் அமுங்குகிற ரப்பர் பொத்தான்கள். அதற்குச் சொந்தத் திரை கிடையாது. டிவியோடு சேர்க்க வேண்டும். சொந்த ஞாபகமும் கிடையாது. கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறந்ததைக் கேசட்டிலிருந்து திரும்ப ஓதித்தான் ஏற்ற வேண்டும். ஆக, தம்பி கொண்டுவந்த மற்ற இரண்டு சாமான்களுமே கம்ப்யூட்டருக்கு ஊழியம் செய்யத்தான் வந்தவை என்பது அவன் விமானம் ஏறிய பிறகுதான் கஸ்தூரிக்குப் புரிந்தது. இதற்குப் பதில் ஒரு மிக்ஸி வாங்கி வந்திருக்கலாம் என்று இரண்டு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சக்கரபாணிக்கு அந்த வருத்தம் இல்லை. ஊரில் அப்போது வேறு எந்த வீட்டிலும் கம்ப்யூட்டர் இருந்ததாகத் தெரியவில்லை. கூட வந்த புத்தகத்தைப் பார்த்து அவன் ஒரே ஒரு புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டான். அது பெயர் கேட்கும். பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு இங்கிலீஷ் எழுத்தில் திரை முழுக்க வணக்கம் சொல்லும். திருவூடல் தெருவில் அவன் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் வணக்கம் வாங்கிக்கொண்டு போனார்கள். பத்திரப்பதிவு ஆபீஸ்காரர் வந்தார், விவசாய அதிகாரி குடும்பத்தோடு வந்தார். அப்போதெல்லாம் சக்கரபாணி கதவோரம் நின்ற பெண்களைப் பார்த்து, சாமான் நுட்பமானது, யாரும் தொடக்கூடாது என்று சொல்லி வைப்பான். மூன்று மாதத்தில் வணக்கம் வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் வாங்கி முடித்துவிட்டார்கள். பெட்டியின்மேல் கஸ்தூரி பின்னிய பூவேலை விரிப்பு ஒன்று ஏறி உட்கார்ந்தது.

இந்த நிலைமையில்தான் சாந்த் பாஷா வீட்டுக்கு கமடோர் வந்தது.

சாந்த் பாஷா சக்கரபாணியோடு ஒரே பெஞ்சில் படித்தவன். தேரடிக்குப் பக்கத்தில் கடிகாரமும் ரேடியோவும் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருந்தான். சிங்கப்பூரிலிருந்து அவனுடைய மாமா மகன் கொண்டுவந்த கமடோர் என்ற கம்ப்யூட்டர் தலையணை பருமன் இருந்தது. பொத்தான்கள் டைப்ரைட்டர் பொத்தான்கள் மாதிரி டக்டக்கென்று பேசின. கேசட் போடும் பெட்டி அதற்கென்றே தனியாக வந்திருந்தது. சத்தம் கல்யாண பேண்டு செட் மாதிரி டிவியிலிருந்தே வந்தது. ஸ்பெக்ட்ரத்தின் சத்தமோ தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, "உன்னுது நாப்பத்தெட்டு, என்னுது அறுபத்துநாலு" என்றான் சாந்த் பாஷா. அறுபத்துநாலு என்றால் என்ன என்று கேட்க சக்கரபாணிக்கு நாக்கு வரை வந்தது. கேட்டால் நாற்பத்தெட்டு என்றால் என்னவென்று தான் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டான்.

விவசாய அதிகாரி இப்போது குடும்பத்தோடு சாந்த் பாஷா வீட்டுக்குப் போய் வந்தார் என்று கேள்விப்பட்ட அன்று சக்கரபாணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாளே நண்பனின் கடைக்குப் போனான். சாந்த் பாஷா கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கூடக் கழற்றாமல் முழு ஏற்பாட்டையும் சொல்லிவிட்டான். மாமா மகன் பக்ரீதுக்கு மறுபடி வருகிறான். இன்னொரு கமடோர் கொண்டுவரச் சொல்லலாம். ஸ்பெக்ட்ரத்தை எடுத்துக்கொள்ள ஆரணியில் ஒருத்தர் தயாராக இருக்கிறார். ஒரே ஒரு விஷயம்: இதன் கேசட் எதுவும் அதில் ஓடாது, இரண்டும் பேசுகிற பாஷை வேறு. வணக்கம் புரோகிராமைப் புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும். அது ஒரு பெரிய விஷயமா என்றான். இல்லைதான் என்றான் சக்கரபாணி.

வீட்டில் சொன்னபோது கஸ்தூரி சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தான். கமடோருக்குத் தனி கேசட் பெட்டி வருவதால் அவளுடைய டேப் ரெக்கார்டர் அவளுக்கே திரும்பிவிடும் என்பதை முதலில் எடுத்து வைத்தான். கஸ்தூரி கேட்டுவிட்டு, தம்பி ஆசையாகக் கொடுத்ததை விற்றால் அவன் மனசு என்ன பாடுபடும் என்றாள். தம்பியைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம் என்றதற்கு, சிங்கப்பூர் சாமானுக்கு கியாரண்டி கிடையாது என்றாள். மஸ்கட் சாமானுக்கு மட்டும் உண்டா என்றதற்கு, கமடோர் பழுப்பு நிறம், அழுக்குப் பிடித்தால் தெரியவே தெரியாது, ஆகவே துடைக்கவே தோன்றாது என்றாள். அதற்கும் அவன் பதில் வைத்திருந்தான். கடைசியில் ஆடி மாசத்தில் வீட்டில் இருக்கிற சாமானை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சக்கரபாணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிக்ஸி கேட்டவள் இன்று ஸ்பெக்ட்ரத்துக்கு வக்கீலாக நிற்கிறாள். தம்பி மேல் இத்தனை பாசம் அவளுக்கு எப்போது வந்தது என்று யோசித்தபடி தூங்கிப்போனான்.

காரணம் தம்பியும் இல்லை, ஆடியும் இல்லை. தம்பி கொடுத்த கேசட்டுகளில் ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு குண்டுக் குள்ளன், ஏணி ஏணியாக ஏறி, ஒரு கோட்டையின் ஒவ்வொரு மாடியிலும் இருக்கும் பானைகளை எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும். பூதங்கள் துரத்தும். மாடிக்கு மாடி பூதம் ஜாஸ்தி, ஏணி கம்மி. சக்கரபாணி இரண்டு தரம் ஆடிப் பார்த்து, இரண்டு தரமும் முதல் ஏணியிலேயே பூதத்திடம் மாட்டி, இது சின்னப் பசங்க சமாச்சாரம் என்று கேசட்டை ஓரமாக வைத்துவிட்டான். அவர்களுடைய ஒரே மகளோ வேலூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம், பாட்டுக் கேட்கலாம் என்று கஸ்தூரி கை தவறி அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டாள். வீடு அதிர ஒரு கீச்சொலி வந்தது. கோழியை யாரோ கழுத்தை நெரிப்பதாக நினைத்துப் பக்கத்து வீட்டு உண்ணாமலை ஓடிவந்தாள். வந்தவள், அந்தச் சத்தத்துக்குள்ளேயா விளையாட்டு இருக்கிறது என்று கேட்டாள். கஸ்தூரி புருஷன் செய்வதைப் பலமுறை பார்த்திருந்தாள். ஒயர்களைச் செருகினாள். ஜே பொத்தானை அமுக்கியதும் ஒரு முழு வார்த்தையே திரையில் வந்து நின்றது. அப்புறம் இரண்டு மேற்கோள் குறி, அப்புறம் என்டர். திரையோரத்தில் கலர் கலராகக் கோடுகள் ஓட, கீச்சொலி முடிந்து, குள்ளன் வந்து நின்றான். உருண்டையாக, செம்மண் நிறத்தில் இருந்த அவனுக்கு உண்ணாமலைதான் மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தாள்.

அன்றிலிருந்து சோறு வடித்து, பாத்திரம் கழுவி, மத்தியானம் தெரு அடங்கியதும் இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். கஸ்தூரி ஆடுவாள். உண்ணாமலை வறுத்த மல்லாட்டைக் கடலையை உடைத்துக்கொண்டே பூதம் எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்வாள். எழுந்திருக்கும்போது ஒயரெல்லாம் பழைய இடத்துக்குப் போய், விரிப்பும் பழைய மடிப்போடு ஏறிவிடும். ஆடி பிறந்தபோது மண்ணாங்கட்டி பதினோராவது மாடியில் இருந்தான். மொத்தம் பதினாறு மாடி என்று கேசட் அட்டையில் படம் போட்டிருந்தது. இந்த நேரத்தில் போய் வீட்டுக்காரன் கம்ப்யூட்டரை மாற்றுகிறேன் என்கிறான். கமடோரில் மண்ணாங்கட்டி ஏறமாட்டான்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் காலையில் தெருக்குழாயடியில் உண்ணாமலை குடத்தை வைத்துவிட்டு, "நேத்து மண்ணாங்கட்டி போன விதத்த நெனச்சா தூக்கமே வரலக்கா" என்றாள்.

"ஏணில முக்கால்வாசி ஏறிட்டான். ஒரு எட்டு வெச்சிருந்தா பொழச்சிருப்பான்" என்றாள் கஸ்தூரி.

ஜன்னலோரம் முகச்சவரம் செய்துகொண்டிருந்த சக்கரபாணியின் கை அப்படியே நின்றது. அவன் கடையில் பல வருஷமாக மோட்டாரும் குழாயும் வாங்குகிறவர் கீழ்பென்னாத்தூர் மண்ணாங்கட்டி. தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த கஸ்தூரியிடம், யார், கீழ்பென்னாத்தூர் மண்ணாங்கட்டியா என்று கேட்டான். இப்படி ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்பதே கஸ்தூரிக்கு அப்போதுதான் தெரியும். இல்லை என்றால், பின்னே யார் என்று அடுத்த கேள்வி வரும். "ம்" என்றாள். ஏணியிலிருந்து விழுந்தா என்றான். அதற்கும் "ம்" என்றாள். பாவம், நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டு அவன் மீதி முகத்தையும் வழித்தான். பேச்சு அத்தோடு முடிந்தது என்று கஸ்தூரி அடுப்படிக்குப் போனாள்.

சக்கரபாணி கடைக்குப் போகவில்லை. பெரிய கோபுரத்து வாசலில் கனமான ஒரு ரோஜா மாலையை வாங்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினான். மடியில் மாலையோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் விசாரித்தார். தருமன் என்று பெயர், கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். விஷயத்தைக் கேட்டதும், நேற்று சாயங்காலம்கூட டீக்கடையில் பார்த்தேனே என்று திடுக்கிட்டார். கொஞ்ச தூரம் போனதும், டீ குடிக்கும்போதே முகம் சரியில்லை என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், நான்தான் உடம்பைப் பார்த்துக்க என்று சொல்லி அனுப்பினேன் என்றார். முன்சீட்டில் இருந்த பச்சையம்மாள் இதைக் கேட்டுத் திரும்பினாள். அவள் மண்ணாங்கட்டிக்கு ஒன்றுவிட்ட அக்கா. தனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை என்ற கோபத்தில் ஆரம்பித்து, அழுகையில் முடித்தாள். பஸ் நின்றபோது இறங்க வேண்டியவர்கள் மூன்று பேர், இறங்கியவர்கள் எட்டுப் பேர்.

மண்ணாங்கட்டியின் தெரு முனையிலேயே பச்சையம்மாள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக் குரலெடுத்தாள். மாலையைப் பிடித்தபடி சக்கரபாணி முன்னால் நடந்தான். வீட்டு வாசலில் பந்தல் இல்லை, பறை இல்லை. கூரைமேல் ஒரு ஏணி சாய்ந்திருந்தது. இந்த ஏணியாகத்தான் இருக்கும் என்று அவன் நினைத்தபோது, அதன் உச்சியில் உட்கார்ந்து ஓடு மாற்றிக்கொண்டிருந்த மண்ணாங்கட்டி கீழே பார்த்தார்.

"இன்னா மொதலாளி, இவ்ளோ தூரம்? யாருக்கு இன்னா ஆச்சு?"

தருமன் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பச்சையம்மாளுக்கு உடனே நிறுத்த முடியவில்லை. எடுத்த அடியைப் பாடி முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள். மண்ணாங்கட்டி ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கி வந்தார். அவர் தரையில் கால் வைப்பதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும். சக்கரபாணியின் வியாபார புத்திதான் அன்று அவன் மானத்தைக் காப்பாற்றியது.

"உங்களப் பாக்கத்தான்ணே வந்தேன். இந்த வருஷம் எங்க கடைக்கு ஒசத்தியான வாடிக்கக்காரர் நீங்கதான். மரியாதை பண்ணணும்னு முடிவு பண்ணோம்" என்று மாலையை அவர் கழுத்தில் போட்டான்.

 வாழ்க்கையில் கல்யாணத்துக்கு அப்புறம் மண்ணாங்கட்டியின் கழுத்தில் விழுந்த மாலை அதுதான். அக்கா ஏன் அழுகிறாள் என்று கேட்டார். சந்தோஷத்தில் என்றார் தருமன், தரையில் உட்கார்ந்தபடியே. மண்ணாங்கட்டியின் பெண்டாட்டி திரௌபதி எட்டுப் பேரையும் உள்ளே கூப்பிட்டு, கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். மண்ணாங்கட்டி மாலையைக் கழற்றாமலே சாப்பிட்டார். ரோஜா இதழ் ஒன்று குழம்பில் விழுந்ததை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மாலையோடு வேறு ஏதாவது உண்டா என்று தயங்கிக் கேட்டார். கிணற்றுக் குழாயின் அடியில் மாட்டுகிற ஒரு ஃபுட் வால்வு உண்டு என்று சக்கரபாணி ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மறுநாளே ஆள் அனுப்பி அதை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றான்.

"மண்ணாங்கட்டி செத்துட்டான்னு சொன்ன."

"நான் எங்க சொன்னேன், நீங்கதான் சொன்னீங்க. நான் ம்னு மட்டுந்தான் சொன்னேன்" என்றாள் கஸ்தூரி.

"செத்தவர் வீட்ல வயிறு நெறய கோழிக்குழம்பு தின்னுட்டு வரேன். யாரு செத்தது?"

கஸ்தூரி போய் விரிப்பை எடுத்தாள். ஒயர்களைச் செருகினாள். அவள் விரல்கள் யோசிக்காமல் வேலை செய்ததை சக்கரபாணி பார்த்துக்கொண்டே நின்றான். கேசட் கீச்சிட்டதும் அடுத்த வீட்டில் உண்ணாமலைக்குக் கேட்டிருக்கிறது. மல்லாட்டை டப்பாவோடு பின்வாசல் வழியாக வந்தவள், கூடத்தில் வீட்டுக்காரரைக் கண்டு டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இவந்தாங்க" என்று கஸ்தூரி திரையைக் காட்டினாள்.

செம்மண் நிறக் குள்ளன் முதல் ஏணியடியில் நின்றான்.  வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து இந்தப் பெட்டியின் பெருமையை மணிக்கணக்கில் பேசியவன் சக்கரபாணி. அது இத்தனை மாதமாக அவனுக்குத் தெரியாமல் தினமும் வேலைக்குப் போய்வந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். பெண்கள் தொடக்கூடாது என்று ஊரே கேட்கிற மாதிரி சொன்னீர்களே, அதனால்தான் என்றாள் கஸ்தூரி. குரலில் சண்டை இல்லை. அவள் கண் திரையில் இருந்தது. மண்ணாங்கட்டி ஏறத் தொடங்கியிருந்தான்.

இரண்டாவது மாடி வரை சக்கரபாணி நின்றுகொண்டே பார்த்தான். நாலாவது மாடியில் உட்கார்ந்தான். ஆறாவது மாடியில் இரண்டு பூதங்கள் இரண்டு பக்கமும் வந்தபோது உண்ணாமலை டப்பாவை மறைத்திருந்ததை மறந்து, "எடப்பக்கம்க்கா" என்றாள். எட்டாவது மாடியில் ஏணி இல்லாத இடத்தில் கஸ்தூரி அவனைத் தாவ வைத்து, கீழே போகும் பூதத்தின் தலைக்கு மேலே ஒரு மயிரிழையில் கடத்தினாள். சக்கரபாணி மூச்சை விட்டான். தாலி கட்டிய பெண்டாட்டியை இருபது வருஷத்தில் அன்றுதான் முதல்தரம் பார்ப்பது போல அவனுக்கு இருந்தது. பத்தாவது மாடியில் மண்ணாங்கட்டி போனான். சக்கரபாணி, இன்னொரு ஆட்டம் போடு என்றான்.

மறுநாள் சாந்த் பாஷாவின் கடைக்குப் போய், இப்போதைக்குக் கமடோர் வேண்டாம் என்றான். காரணம் கேட்டதற்கு, ஆடி மாசம் என்றான். பக்ரீதன்று ஆடியே முடிந்துவிடுகிறதே என்று சாந்த் பாஷா காலண்டரைக் காட்டினான். தம்பி மனசு என்றான் சக்கரபாணி. கியாரண்டி என்றான். சாந்த் பாஷா லென்ஸைக் கண்ணிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"உண்மையச் சொல்லட்டுமா சக்கரபாணி? அறுபத்துநாலுன்னா என்னன்னு எனக்கும் தெரியாது. இருந்தது ஒரே கேசட்டு, கப்பல் சுடறது. சுட்டு முடிச்சிட்டேன். ஜஹானாரா அந்தப் பக்கமே திரும்பமாட்டா. நீயும் இதயே வாங்கினா கேசட்டு மாத்திக்கலாம், ஒக்காந்து பேசலாம்னு பாத்தேன். நான் ஒண்டியா இத வெச்சிக்கினு என்ன பண்றது?"

சக்கரபாணிக்குத் தாங்கவில்லை. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டான். பஸ், மாலை, பச்சையம்மாளின் ஒப்பாரி, குழம்பில் விழுந்த ரோஜா இதழ் எல்லாம். சாந்த் பாஷா சிரித்த சிரிப்பில் மேஜையில் பிரித்து வைத்திருந்த ஒரு கைக்கடிகாரத்தின் திருகுகள் மூலைக்கு மூலை ஓடிவிட்டன. இருவரும் தரையில் தவழ்ந்து அவற்றைத் தேடினார்கள். தேடிக்கொண்டே சாந்த் பாஷா, பத்தாவது மாடியில் எத்தனை பூதம் என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் ஜஹானாராவைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஜஹானாரா வாழைக்காய் பஜ்ஜியை வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவள் வீட்டில் பார்த்த கப்பல் சண்டையால் வந்த வெறுப்பு அது. எட்டாவது மாடியில் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தபோது திரும்பினாள். அப்புறம் முதுகு காட்டவே இல்லை. அன்று கஸ்தூரியின் கைக்கு என்னவோ வந்திருந்தது. பதினொன்று, பன்னிரண்டு, பதினாலு என்று மண்ணாங்கட்டி போய்க்கொண்டே இருந்தான். கரண்ட் போய்விடக்கூடாதே என்று உண்ணாமலை அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டாள். பதினாறாவது மாடியின் கடைசிப் பானையையும் எடுத்துக்கொண்டு அவன் உச்சியில் நின்றான்.

திரை இரண்டு தரம் மின்னியது. பொன்வண்டு கொஞ்ச நேரம் பாடியது. அப்புறம் மண்ணாங்கட்டி மறுபடி முதல் மாடியில் ஏணியடியில் நின்றான். பூதங்கள் மட்டும் முன்னைவிட வேகமாக ஓடின.

"அவ்ளோதானா?" என்றாள் உண்ணாமலை. கோட்டைக்குள்ளிருந்து யாராவது வந்து அவனுக்கு ஒரு வாய் தண்ணீராவது கொடுத்திருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. சாந்த் பாஷா, வெள்ளைக்காரன் விளையாட்டு அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொன்னான். கஸ்தூரி எழுந்துபோய்க் காப்பி கலந்தாள். எல்லாரும் போன பிறகும் அவள் பேச்சில் சுரத்து இல்லை. தோசை இரண்டு பக்கமும் கருகியது.

மறுநாள் காலை, கடைக்குக் கிளம்பிய புருஷனிடம், "ஏங்க, பாய் வூட்ல இருக்கறத ஒண்ணு நாமளும் வாங்கிடலாமே. அதுல சத்தமெல்லாம் நல்லா வருது" என்றாள்.

அதற்குள் சக்கரபாணியின் நிலைமை மாறிவிட்டிருந்தது. கஸ்தூரியிடம் பாடம் கேட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பழகி, முந்தின நாள்தான் அவன் மூன்றாவது மாடியை எட்டியிருந்தான். கமடோரில் போய் முதல் ஏணியிலிருந்து எதற்கு ஆரம்பிக்க வேண்டும்? முடியவே முடியாது என்றான். தம்பி ஆசையாகக் கொடுத்தது என்றான். நீங்கள்தானே ஆரணிக்காரரிடம் பேசினீர்கள் என்றதற்கு, அது அறியாமல் பேசியது என்றான். திருவூடல் தெருவில் வருஷத்துக்கு ஒருநாள் சாமிக்கும் அம்மனுக்கும் நடக்கிற ஊடல், அந்த வீட்டில் ஒரு வாரம் நடந்தது. குழம்பில் உப்பு ஒருநாள் ஜாஸ்தி, ஒருநாள் கம்மி.

தீர்த்து வைத்தது ஜஹானாராதான். பக்ரீதுக்கு வந்த மாமா மகன் இன்னொரு கமடோர் கொண்டுவரவில்லை. பதிலாகப் பத்துப் பதினைந்து கேசட்டுகள் கொண்டுவந்தான். பிரியாணியைக் கொடுத்தனுப்பும்போது கூடவே ஜஹானாரா ஒரு சேதியும் சொல்லியனுப்பினாள். மத்தியானத்தில் தான் தனியாகத்தான் இருப்பதாகவும், கஸ்தூரியக்காவும் உண்ணாமலையும் வந்தால் எந்தக் கேசட்டையும் போட்டுக்கொள்ளலாம் என்றும், தனக்கும் கற்றுத்தர வேண்டும் என்றும். அன்றிலிருந்து இருவரும் சோறு வடித்த கையோடு குடையை விரித்துக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். சாந்த் பாஷா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால் கடைக்குத் திரும்புவதற்கு நாலு மணியாயிற்று என்று தேரடியில் பேசிக்கொண்டார்கள்.

சக்கரபாணிக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. வீடும் டிவியும் ஸ்பெக்ட்ரமும் மத்தியானம் முழுக்க அவனுக்கே. கடையில் கேட்டவர்களுக்கு முதலாளி பேங்குக்குப் போயிருக்கிறார் என்று பதில் வந்தது. மல்லாட்டையைத் தானே உடைத்துத் தின்றுகொண்டு, பூதம் எந்தப் பக்கம் வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறினான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், எட்டாவது மாடியில் ஏணி இல்லாத அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தாவினான். திறந்து பார்த்தால் மண்ணாங்கட்டி ஒன்பதாவது மாடியில் நின்றான்.

"தாண்டிட்டான்" என்றான் சக்கரபாணி.

வீட்டில் யாரும் இல்லை. வாசலுக்கு வந்து பார்த்தான். தெருவில் மழைதான் இருந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்தான். கை பொத்தானுக்குப் போகவில்லை. மண்ணாங்கட்டி நின்ற இடத்திலேயே நிற்க, பூதம் வந்து தின்றது. சக்கரபாணி டிவியை அணைத்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சாந்த் பாஷா வீட்டுக்கு வேகமாக நடந்தான்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே நாலு பேரும் டிவிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஆடிக்கொண்டிருந்தவள் ஜஹானாரா. திரையில் ஒரு பெண் மிதக்கும் கட்டைகளில் தாவித் தாவி ஆற்றைக் கடந்துகொண்டிருந்தாள். யாரும் திரும்பவில்லை. ஒன்பதாவது மாடி என்று வாயெடுத்த சக்கரபாணி, ஆற்றின் நடுவில் முதலை ஒன்று வாயைத் திறப்பதைப் பார்த்து நிறுத்தினான். சாந்த் பாஷா திரையைப் பார்த்தபடியே கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டான். ஈரத் துண்டைக் கதவில் போட்டுவிட்டு சக்கரபாணி போய் உட்கார்ந்தான்.